லோன்சம் டவ்: முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

‘லோன்சம் டவ்’ தொடரைப் பாதியில் விட்டவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். அநேகமாக எல்லோரும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் விட்டவர்களாக இருப்பார்கள். அதைத் தாண்டியவர்கள் விடுவதில்லை. முடித்துவிட்டு, கொஞ்ச காலம் கழித்து இன்னொரு தடவையும் பார்க்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியின் வேலை சின்னதுதான்: அந்த முதல் ஒரு மணி நேரத்தை உங்களைத் தாண்ட வைப்பது. மீதியை ராபர்ட் டுவாலும் டாமி லீ ஜோன்ஸும் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1989 பிப்ரவரி 5, ஞாயிறு தொடங்கி 8, புதன் வரை தொடர்ந்து நான்கு இரவுகள் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மினி சீரிஸ் இது. வயதான இரண்டு முன்னாள் காவல் வீரர்கள் ஒரு மாட்டு மந்தையை டெக்சாஸிலிருந்து மொண்டானாவுக்கு ஓட்டிப் போகும் கதை. லாரி மெக்மர்ட்ரி 1985இல் எழுதி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கிய நாவல்தான் மூலம். திரைக்கதை பில் விட்லிஃப், இயக்கம் சைமன் வின்சர். இத்தனை டெக்சாஸ் வாசம் வீசும் தொடரை எடுத்த வின்சர் ஓர் ஆஸ்திரேலியர். இதன் உரிமையை வாங்கித் தயாரிப்பைத் தொடங்கிவைத்ததும் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோ எதுவும் இல்லை. கறுப்பின இசைக்குப் பேர் போன மோடவுன் நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவு. அதை நடத்திய சூசன் டி பாஸ் என்ற பெண்மணி. வெஸ்டர்ன் என்ற கௌபாய் கதை வகை செத்துவிட்டது, மினி சீரிஸும் மூச்சு வாங்குகிறது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த நேரம் அது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் ‘டான்ஸஸ் வித் உல்வ்ஸ்’, ‘அன்ஃபர்கிவன்’ என்று வெஸ்டர்ன் படங்களுக்கு ஆஸ்கார் குவிந்தது. அந்தக் கதவைத் திறந்துவிட்டதில் இந்த நான்கு இரவுகளுக்குப் பங்கு உண்டு.

அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்கு 18 பரிந்துரைகள், 7 விருதுகள். சிறந்த மினி சீரிஸ் என்ற விருது மட்டும் ‘வார் அண்ட் ரிமெம்ப்ரன்ஸ்’ என்ற போர்த் தொடருக்குப் போய்விட்டது. அதை இன்று எத்தனை பேர் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, போகட்டும்.

எதைப் பார்ப்பது, எதை இப்போதைக்குத் தொடாமல் இருப்பது

தேடுபெட்டியில் பெயரைத் தட்டினால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்தாறு சரக்கு வந்து நிற்கும். 1989 என்ற ஆண்டும், டுவால், ஜோன்ஸ் என்ற இரண்டு பெயர்களும் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான்கு பகுதிகள், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான்.

மற்றவை என்னவென்றால்: 1993இல் வந்த ‘ரிட்டர்ன் டு லோன்சம் டவ்’. மெக்மர்ட்ரியின் கை படாமல், அவர் எழுதாத கதையாக எடுக்கப்பட்ட தொடர்ச்சி. 1994 முதல் 1996 வரை வாராவாரம் ஓடிய ஒரு சீரியல். பிறகு மெக்மர்ட்ரியே எழுதிய நாவல்களிலிருந்து வந்தவை மூன்று: ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ’ (1995), ‘டெட் மேன்ஸ் வாக்’ (1996), ‘காமன்சி மூன்’ (2008). இவற்றில் கடைசி இரண்டும் நாயகர்கள் இளைஞர்களாக இருந்த காலத்துக் கதைகள்.

இங்கேதான் ஒழுங்கில் ஆசை உள்ளவர்கள் வழுக்குவார்கள். ‘கதை நடக்கும் கால வரிசைப்படி டெட் மேன்ஸ் வாக்கிலிருந்து ஆரம்பிக்கிறேனே’ என்பார்கள். வேண்டாம். அந்த முன்கதைகள் பின்னால் எழுதப்பட்டவை. கிழவர்களை ஏற்கெனவே நேசிப்பவர்களுக்காக அந்த இளைஞர்கள் படைக்கப்பட்டார்கள். கிழவர்களைத் தெரியாதவருக்கு அது சுமாரான ஒரு சாகசக் கதை. 1989இல் ஆரம்பியுங்கள். அதோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

உட்காரும் முறை

ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் பார்க்காதீர்கள். இன்றைய ஓடிடி தொடர்களைப் போல ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கொக்கியை மாட்டி அடுத்ததற்கு இழுத்துப் போகும் அமைப்பு இதில் இல்லை. இரவுக்கு ஒன்று என்று நான்கு இரவுகளில் காட்ட எடுத்தார்கள். அப்படியே பார்ப்பதுதான் ருசி. தொடர்ந்து நான்கு நாள் கிடைக்காதவர்கள் இரண்டு வார இறுதிகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் நடுவே மட்டும் அதிக நாள் விட்டுவிட வேண்டாம். அந்த இடத்தில் பல கிளைக்கதைகள் ஒரே சமயத்தில் நகர்ந்துகொண்டிருக்கும், இழை விட்டுப்போகும்.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். டெக்சாஸ் உச்சரிப்பு, வாய்க்குள்ளேயே முனகும் கௌபாய்கள், நடுவில் குதிரைக் குளம்புச் சத்தம். நாயகர்களில் ஒருவரான கஸ் பேசும் நக்கலில் பாதி காதில் விழாமல் போனால் தொடரில் பாதி போச்சு.

படத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. இது பழைய சதுரத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. அகலத்திரைக்கு ஏற்றபடி சட்டகம் மாற்றிய பதிப்பும் வந்திருக்கிறது. இரண்டில் எது கிடைத்தாலும் பாதகமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று டிவி ரிமோட்டில் இழுத்துவிட்டுக் குதிரைகளையெல்லாம் குட்டையாக்கிவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமான விதி: முடிக்கும்வரை எதையும் கூகிள் செய்யாதீர்கள். நடிகர் பட்டியல், யூடியூப் துணுக்கு, ‘சிறந்த பத்துக் காட்சிகள்’ எதுவும் வேண்டாம். இது நாற்பது ஆண்டை நெருங்கும் தொடர். யார் எப்போது சாகிறார்கள் என்பதை அமெரிக்காவில் ரகசியமாக யாரும் நினைப்பதில்லை, தலைப்பிலேயே எழுதிவிடுவார்கள். இந்தக் கதையில் சாவு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வருவதில்லை. சினிமா வழக்கப்படி ‘இவருக்கு ஒன்றும் ஆகாது’ என்று நீங்கள் ஓரமாக எடுத்து வைத்தவருக்கும் ஆகும். அந்த அதிர்ச்சி முதல்முறை மட்டும்தான் கிடைக்கும்.

கையில் ஒரு வரைபடம்

கூகிள் செய்யாதே என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்க வரைபடம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முதுகெலும்பே ஒரு பாதைதான். அந்தப் பாதை தெரியாவிட்டால் பாத்திரங்கள் படும் பாட்டின் அளவு உறைக்காது.

காலம் 1870களின் கடைசி. லோன்சம் டவ் என்பது டெக்சாஸின் தெற்கு எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள ஒரு கற்பனை ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. அங்கே கிளம்பும் மாட்டு மந்தை சான் அன்டோனியோவைத் தொட்டு, ரெட் ரிவரைக் கடந்து, இன்றைய ஓக்லஹோமாவான ‘இந்தியர் பிரதேசம்’ (அமெரிக்கப் பூர்வகுடிகளைச் சொல்கிறார்கள்), கான்சஸ் வழியாக நெப்ராஸ்காவில் பிளாட் நதிக்கரையில் உள்ள ஒகலாலாவுக்குப் போகிறது. அங்கிருந்து வயோமிங். அதற்கு அப்புறம் மொண்டானா, கனடா எல்லைக்குக் கொஞ்சம் இப்பால். நாட்டைத் தெற்கிலிருந்து வடக்கே முழுசாகக் குறுக்கே வெட்டுகிற பயணம். நேர்கோட்டில் அளந்தாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். மாடு நேர்கோட்டில் நடப்பதில்லை.

எதற்காக இப்படி மாட்டை ஓட்டினார்கள்? இந்தக் கணக்கு புரிந்தால் வெஸ்டர்ன் என்ற வகையே பாதி புரிந்த மாதிரி. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் நீளக்கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் அவிழ்த்துவிட்டபடி பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு நான்கு டாலர் போனால் பெரிய விஷயம். வடக்கே நகரங்களில் இறைச்சிக்கு ஏங்கிக் கிடந்தவர்களிடம் அதே மாடு பத்து மடங்கு விலை போகும். ஆனால் டெக்சாஸிலிருந்து வடக்கே போக ரயில் இல்லை. கான்சஸ் வரைக்கும்தான் தண்டவாளம் வந்திருந்தது. அதனால் மாட்டை அதன் காலிலேயே நடத்திக்கொண்டு போனார்கள். 1867இல் கான்சஸின் அபிலீனில் மாடு ஏற்றும் ரயில் நிலையம் வந்ததும் அது பெருந்தொழிலாகிவிட்டது. இருபது ஆண்டுகூட நீடிக்கவில்லை. ஜோசஃப் கிளிடன் 1874இல் காப்புரிமை வாங்கிய முள்கம்பி வேலி புல்வெளியைத் துண்டு போட்டது, ரயில் தெற்கே இறங்கி வந்தது, எல்லாம் முடிந்தது. உலகம் முழுவதும் மாறுவேடப் போட்டி வரை போய்விட்ட கௌபாய் வேஷத்தின் அசல் ஆயுள் அவ்வளவுதான்.

ஒரு நாளைக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டுவார்கள். அதற்கு மேல் விரட்டினால் மாடு இளைத்துவிடும். இளைத்த மாட்டுக்கு விலை கிடையாது. மந்தைக்குத் தலைப்பக்கம் அனுபவசாலிகள் போவார்கள், பக்கவாட்டில் மற்றவர்கள், கடைசியில் சிறுவர்களும் புதியவர்களும். நம்மூரில் கீதாரிகள் கிடையை இடம் மாற்றும்போது பின்னால் நடக்கிற பையன் எவ்வளவு புழுதி தின்பான் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொடரில் அந்தக் கடைசி இடம் நியூட் என்ற பதினேழு வயதுப் பையனுக்கு. அவன் முன்வரிசைக்கு எப்போது வருகிறான், யார் அவனை வரச் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஒரு தகவலை இப்போதே மனதில் போட்டு வையுங்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் குதிரைத் திருட்டுக்குத் தண்டனை தூக்கு. நீதிமன்றம், வக்கீல் எதுவும் கிடையாது; பக்கத்தில் இருக்கும் மரம் போதும். அப்படியிருக்க, நம் நாயகர்கள் மொண்டானாவுக்கு ஓட்டப்போகும் மந்தையை எங்கிருந்து சேர்க்கிறார்கள் தெரியுமா? இரவில் ஆற்றைக் கடந்து மெக்சிகோவில் போய்த் திருடிக்கொண்டு வருகிறார்கள். முன்னாள் சட்டக் காவலர்கள். அவர்கள் இதற்காக வெட்கப்படுவதும் இல்லை, தொடர் அவர்களைக் கண்டிப்பதும் இல்லை. இந்த முரண் பின்னால் ஒரு இடத்தில் திரும்பி வரும்.

யார் யார்

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு ‘டெக்சாஸ் ரேஞ்சர்’ என்பது பழகிய சொல். காமன்சி என்ற பூர்வகுடியினரோடும் மெக்சிகோ எல்லைக் கொள்ளையரோடும் மோதிய ஆயுதப் படை அது. டெக்ஸுக்கு வயதே ஆகாது. இங்கே வருகிற இரண்டு ரேஞ்சர்களுக்கு வயதாகிவிட்டது. சண்டை ஓய்ந்துவிட்டது, ஊர் அவர்களை மறந்துவிட்டது, எல்லையோர ஊரில் ‘ஹேட் க்ரீக் கேட்டில் கம்பெனி’ என்று போர்டு எழுதி மாட்டிக்கொண்டு மாடும் குதிரையும் விற்கிறார்கள். பன்றி வாடகைக்கு விடப்படாது என்று அந்த போர்டில் எழுதியிருக்கும். எழுதியவர் கஸ்.

அகஸ்டஸ் மெக்ரே, சுருக்கமாக கஸ். டுவால் நடித்தது. வாய் ஓயாத பேச்சு, திண்ணை, சாராய ஜாடி, சூதாட்டம், பெண்கள். விடியலில் எழுந்து தன் கையால் பிஸ்கட் சுடுவது மட்டும்தான் ஒழுங்காகச் செய்யும் வேலை; நம் டீக்கடை பிஸ்கட் இல்லை, புளித்த மாவில் சுடும் மெத்தென்ற பன் மாதிரியான பண்டம். உட்ரோ கால், ஜோன்ஸ் நடித்தது. இவர் நேர் எதிர். வேலை, வேலை, வேலை. சாயங்காலம் தனியாக ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னால் அதைவிட ஒரு கிணறு வெட்டித் தருவதே சுலபம் என்று நினைக்கிற ஜாதி.

படப்பிடிப்பு நடந்த 1988இல் டுவாலுக்கு 57, ஜோன்ஸுக்கு 41. பதினைந்து வயதுக்கு மேல் இடைவெளி. இருவரும் ஒரே வயதுத் தோழர்களாக நடிக்கிறார்கள். வெள்ளைத் தாடியை ஒட்டிக்கொண்டால் கிழவராகிவிட முடியாது; ஜோன்ஸ் குதிரையிலிருந்து இறங்கும் விதத்தைப் பாருங்கள். அவர் பிறந்ததே டெக்சாஸில். இன்னொரு சுவாரசியம்: டுவாலை முதலில் அழைத்தது கால் வேடத்துக்கு. கஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ‘காட்ஃபாதர்’ படங்களில் வாயைத் திறக்காமல் காதில் ரகசியம் சொல்லும் வக்கீலாக நடித்தவர் இவர்தான் என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கும்.

இந்த இருவரின் நட்புதான் தொடர். மாடு, ஆறு, துப்பாக்கி எல்லாம் அதைச் சுற்றி.

இவர்களோடு ரேஞ்சர் காலத்திலிருந்தே இருப்பவர்கள் இரண்டு பேர். டீட்ஸ், முன்னே போய் வழியும் தண்ணீரும் பார்த்து வருகிற கறுப்பின வீரர், டேனி க்ளோவர். அந்தக் கால மந்தை ஓட்டிகளில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள், பழைய ஹாலிவுட் படங்கள்தான் அவர்களைக் காட்டவில்லை. இரண்டாமவர் பீ ஐ. பெயர் வேடிக்கையாக இருக்கும், மனிதரும் அப்படித்தான், ஆனால் கடைசிப் பகுதியில் இவருக்கு ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது.

ஜேக் ஸ்பூன் இன்னொரு பழைய ரேஞ்சர் நண்பர். அழகன், சோம்பேறி, பெண்களுக்குப் பிடித்தவன். மொண்டானா சொர்க்கம் என்று கதை விட்டு எல்லோரையும் கிளப்பிவிடுகிறவன் இவனே. இவனைக் கெட்டவன் என்று சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். நல்லவன் என்றும் வேண்டாம். லோரீனா, ஊரின் ஒரே சாராயக்கடையான சலூனில் உடலை விற்றுப் பிழைக்கும் இளம்பெண். எப்படியாவது சான் பிரான்சிஸ்கோ போய்விட வேண்டும் என்பது ஒரே கனவு. டயான் லேன். டிஷ், அவளைச் சுற்றி ஏங்கும் திறமையான கௌபாய். க்ளாரா, கஸ்ஸின் பழைய காதலி. நெப்ராஸ்காவில் குதிரை வியாபாரம் நடத்துகிறாள். அஞ்சலிகா ஹூஸ்டன் நடித்த இந்தப் பாத்திரம் பின்பாதியில்தான் வரும். வந்த நிமிடத்திலிருந்து மற்ற எல்லோரும் கொஞ்சம் சின்னவர்களாகத் தெரிவார்கள்.

முதல் இரவு

இப்போது அந்த முதல் ஒரு மணி நேரம். திரை திறந்தால் இரண்டு பன்றிகள் ஒரு பாம்பைத் தின்றுகொண்டிருக்கும். அப்புறம் புழுதி, வெயில், திண்ணை. யாரோ கிணறு தோண்டுகிறார்கள். யாரோ யாரையோ கிண்டல் செய்கிறார்கள். துப்பாக்கிச் சண்டை எங்கே, வில்லன் எங்கே என்று தேடினால் கிடைக்காது. வில்லன் வரத்தான் போகிறான், ஆனால் நன்றாகத் தாமதித்து.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கதை எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருக்காமல் பேச்சைக் கேளுங்கள். கஸ் யாரையெல்லாம் சீண்டுகிறார், கால் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போகிறார், நியூட் யார் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்குகிறான். எழுதி வைக்கத் தேவையில்லை, காதில் விழுந்தால் போதும். இந்த மந்தமான ஊரில், இந்தச் சில்லறைப் பேச்சுகளில் போடப்படும் ஒவ்வொரு முடிச்சும் ஆயிரம் மைல் தாண்டி அவிழ்கிறது. அவிழும்போதுதான் அங்கே முடிச்சு இருந்ததே தெரியவரும்.

கூடவே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் ஏன் கிளம்புகிறார்கள்? பணத்துக்கா? இருப்பது போதும் அவர்களுக்கு. யாராவது துரத்துகிறார்களா? இல்லை. ஜேக் வாய்போக்கில் சொன்ன ஒரு வார்த்தை, காலின் தலையில் ஏறிய ஒரு பிடிவாதம். கஸ்ஸே இதைப் பைத்தியக்காரத்தனம் என்று கேலி செய்துகொண்டே கூடப் போகிறார். மொண்டானா என்ன, எதற்கு என்று யாராலும் தெளிவாகச் சொல்ல முடியாது. மற்ற வெஸ்டர்ன்களில் பழிவாங்கல், புதையல், ஊரைக் காப்பாற்றுதல் என்று பயணத்துக்கு ஒரு காரணம் இருக்கும். இதில் காரணம் இவ்வளவு மெலிதாக இருப்பது எழுத்தாளரின் கவனக்குறைவு இல்லை. வழியில் ஒவ்வொரு உயிராகப் போகும்போது அந்தக் காரணத்தின் மெலிவுதான் உங்களை உறுத்தும்.

தொடர் உங்களைப் பிடித்துவிட்டதா என்று சோதிக்க ஒரு காட்சி சொல்கிறேன். சான் அன்டோனியோவில் இரண்டு பேரும் ஒரு சலூனுக்குள் நுழைவார்கள். அந்த ஊரையே காப்பாற்றியவர்கள் என்று ஒரு காலத்தில் பேர் வாங்கியவர்கள். பரிமாறுகிற இளைஞனுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. அடுத்து நடப்பதைப் பார்த்து நீங்கள் சிரித்து, சிரித்த கையோடு கொஞ்சம் கலங்கினால், இனி உங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. அந்தக் காட்சியும் உங்களை அசைக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை, அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

திடீரென்று வரும் வேற்று ஆட்கள்

முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கதை சம்பந்தமில்லாமல் அர்கன்சாவில் உள்ள ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊருக்குத் தாவும். புதியவர்கள் குழம்பும் இடம் இது. விஷயம் என்னவென்றால், ஜேக் ஸ்பூன் அந்த ஊரில் கைதவறிச் சுட்டதில் ஒரு பல் வைத்தியர் செத்துப்போனார். அவர் அங்கே ஷெரிஃபாக, அதாவது காவல் அதிகாரியாக இருக்கும் ஜூலை ஜான்சனின் உடன்பிறந்தவர். ஜூலை என்பது ஆள் பெயர்தான். கிறிஸ் கூப்பர் நடித்திருக்கிறார். அவர் ஜேக்கைப் பிடிக்கக் கிளம்புகிறார். அவர் கிளம்பியதும் அவர் மனைவி எல்மைரா வேறொரு திசையில் கிளம்பிவிடுகிறாள். அதைச் சொல்ல துணை ஷெரிஃப் ராஸ்கோ ஜூலையைத் தேடிக் கிளம்புகிறார். ஆக ஒரு பெரிய மந்தையும், அதைச் சுற்றிப் புல்வெளியில் அலையும் சில தனி ஆட்களும். இந்த இழைகள் பிறகு ஒன்றை ஒன்று தொடும். பொறுமையாக இருங்கள். ராஸ்கோ பாத்திரத்தை நகைச்சுவைக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து வேறு வேலை பார்க்க எழுந்துவிட வேண்டாம்.

இந்தக் கிளையில் ஓரமாக இளவயது ஸ்டீவ் புஷெமி வந்து போவார். கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியவை

குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டால், சிறு பிள்ளைகளோடு வேண்டாம். பயணம் தொடங்கிய கொஞ்ச நாளில் ஓர் ஆற்றுக் காட்சி வரும். பாம்பு என்றால் நடுங்குகிறவர்கள் தயாராக இருங்கள். லோரீனா கடத்தப்படுவதும் அவளுக்கு இழைக்கப்படும் பாலியல் வன்முறையும் கதையின் நடுவில் இருக்கின்றன. தொலைக்காட்சிக்கு ஏற்ற அடக்கத்தோடுதான் எடுத்திருக்கிறார்கள், ஆனால் அதன் கனம் குறையவில்லை. அதற்குப் பின்னான அவளுடைய மௌனத்துக்கு இந்தத் தொடர் ஒதுக்கும் நேரம் அந்தக் காலத்து வெஸ்டர்னில் அபூர்வம்.

இன்னொன்று, பூர்வகுடிகளைப் பற்றியது. காமன்சிகளின் கடைசிக் குழுவினர் 1875இல் ஃபோர்ட் சில் கோட்டையில் சரணடைந்தார்கள். அவர்கள் உயிர் வாழ்ந்த எருமைக் கூட்டங்கள் அதே பத்தாண்டில் சுட்டுத் தீர்க்கப்பட்டன. கதை நடப்பது இதற்கெல்லாம் சற்றுப் பின்னால். பசியால் ஒட்டிப்போன சில பூர்வகுடி மனிதர்களைக் காட்டும்போது தொடருக்கு இது தெரிந்திருக்கிறது. ஆனால் ப்ளூ டக் என்ற கொடியவன் மட்டும் பழைய படங்களின் அரக்கன்தான். அதை நடித்தவரும் பூர்வகுடி இல்லை. ரேஞ்சர்கள் யாரை அழித்து அந்தப் புகழைச் சம்பாதித்தார்கள் என்று அழிக்கப்பட்டவர்கள் பக்கமிருந்து ஒரு குரல்கூட ஆறு மணி நேரத்தில் வருவதில்லை. எனக்கு இந்தத் தொடர் மிகவும் பிடிக்கும். இந்தக் குறையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வீரக் கதைகளைக் குலைக்கத்தான் மெக்மர்ட்ரி நாவலை எழுதினார். வாசகர்கள் அதையே பெரிய வீரக் கதையாகக் கொண்டாடியதில் அவருக்கே சங்கடம் இருந்தது. தொடரில் பேசில் பொலிடூரிஸின் இசை எழும்பி, மந்தை அகன்ற சமவெளியில் இறங்கும்போது கொண்டாடாமல் இருப்பது யாருக்கும் கஷ்டம்.

முடித்த பிறகு

இப்போது கூகிள் செய்யலாம். முதலில் தேட வேண்டிய பெயர்கள் சார்ல்ஸ் குட்நைட், ஆலிவர் லவிங், போஸ் ஐகார்ட். மூவரும் நிஜ மனிதர்கள், 1860களில் டெக்சாஸிலிருந்து மாடு ஓட்டியவர்கள். மந்தையோடு போகும் அந்தச் சமையல் வண்டியை 1866இல் வடிவமைத்தவர் குட்நைட்தான். அவர்கள் வாழ்க்கையில் நடந்தது என்ன என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள். முடிக்கும் முன் படித்தால் தொடரின் கடைசி இரவு கெட்டுவிடும் என்பதால்தான் இத்தனை நேரம் சொல்லவில்லை.

அடுத்து நாவல். எண்ணூறு பக்கத்துக்கு மேல். தொடர் நாவலை ஒட்டியே போகிறது என்றாலும், காலின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது புத்தகத்தில்தான் கிடைக்கும். நாவல் முதலா தொடர் முதலா என்றால் தொடர் முதல் என்பேன். டுவாலின் குரல் காதில் இருக்கும்போது கஸ்ஸின் வசனங்களைப் படிப்பது தனி சுகம். இந்தக் கதையின் கருவே 1970களின் தொடக்கத்தில் ஒரு சினிமா திரைக்கதையாகத்தான் பிறந்தது. ஜான் வெய்ன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹென்றி ஃபோண்டா நடிப்பதாக இருந்து, வெய்ன் ஒத்துக்கொள்ளாததால் நின்றுபோனது. நின்றது நல்லதுக்குத்தான்.

ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சான் மார்கோஸில், டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், விட்லிஃப் பெயரில் ஒரு சேகரிப்பு இருக்கிறது. தொடரின் உடைகள், பொருட்கள், படப்பிடிப்பின்போது விட்லிஃப் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் அங்கே. தொடரை முடிக்காமல் போனால் காட்சிப் பொருட்களே முடிவைச் சொல்லிவிடும்.

பிறகும் பசி இருந்தால் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ’ பாருங்கள். ஜேம்ஸ் கார்னர் முதிய காலாக வருகிறார். நடிகர்கள் மாறியதைப் பழகிக்கொள்ள ஒரு அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு நன்றாகவே போகும். முன்கதைகள் இரண்டும் ரசிகர்களுக்கு மட்டும். ‘ரிட்டர்ன்’ பக்கம் போக வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். அதற்குச் செலவிடும் நேரத்தில் 2006இல் வந்த ‘ப்ரோக்கன் ட்ரெயில்’ பாருங்கள். கஸ் கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் டுவால் மறுபடியும் குதிரை மேல். ஓரிகனிலிருந்து வயோமிங்குக்குக் குதிரை மந்தை ஓட்டிப் போகும்போது, விற்கப்படவிருந்த ஐந்து சீனப் பெண்கள் வழியில் அவர் பொறுப்பில் வந்து சேர்கிறார்கள். ‘லோன்சம் டவ்’வுக்குக் கிடைக்காத சிறந்த மினி சீரிஸ் எம்மி இதற்குக் கிடைத்தது. இரண்டே பகுதிகள், ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.